தாலிக்கு ஒரு குண்டு, மீதி யாருக்கு?

நைனா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் பழக்கம். இந்த முறை அப்படி எழுதினால் இரண்டுமே பொய்யாகிவிடும். நான் நலமாக இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று யார் வந்து சொன்னாலும் நம்புகிற நிலையிலும் இல்லை. போனில் பேசலாம் என்றால், "அந்தத் துப்பாக்கி" என்று நான் வாயைத் திறப்பதற்குள் "மா, ஆரம்பிச்சிட்டியா" என்று வைத்துவிடுகிறாய். கல்யாணத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, மாப்பிள்ளையோ அம்மாவிடம் கோபித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் தன் பட்டறை ஷெட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிறான். உன் அப்பாவுக்கு இன்றைக்கு வார லீவு, அத்திப்பட்டுக்கு வேலைக்குப் போக வேண்டாம். மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே உன்னிடம் வந்து இதைக் கையில் கொடுப்பார். கடிதத்தை நீ பாதியில் கட் பண்ண முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சந்தேகப் பிராணி என்பது மணவாள நகர் முழுக்கத் தெரியும். சிலிண்டர் போடுகிற பையன் நம் வீட்டுக்கு வரும்போது மட்டும் நான் கேட்பதற்கு முன்பே தராசை எடுத்து வெளியே வைக்கிறான். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் அப்பா அடிக்கடி ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு லேட்டாக வருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் பஸ் பிடித்து அத்திப்பட்டு வரைக்கும் போய் கேட் பக்கத்தில் நின்றேன். மனுஷன் எதிர் டீக்கடையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாடி, என்னப் புடிக்கவா வந்த? வா, குந்து, ஒரு டீ குடி" என்றார். கூட ஆடியவர்கள் சிரித்த சிரிப்பு இன்னமும் என் காதில் இருக்கிறது. இப்படி நான் அசடு வழிந்த கதைகளைச் சொல்லிச் சொல்லித்தான் நீங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷம் பொழுதைப் போக்கியிருக்கிறீர்கள். போக்குங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் நீ பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க, இதே கும்மிடிப்பூண்டியில், சுவிட்சுக்குள் போகிற பித்தளைத் துண்டுகளைக் குழல்விளக்கின் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற வேலையை நான் செய்தேன். நல்லதென்று நிச்சயமாகத் தெரிந்தால் பச்சைத் தொட்டி. சின்னச் சந்தேகம் வந்தால்கூடச் சிவப்புத் தொட்டி. அது கெட்ட பீஸ் என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை, நல்ல பீஸ் என்று அது எனக்குக் காட்ட வேண்டும். அங்கே என் சந்தேகத்துக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். தகட்டை அடித்து வெட்டுகிற உன் முதல் பிரஸ்ஸை நீ செகண்ட் ஹேண்டில் வாங்கப் போனபோது, விற்பவர் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாரே என்று எனக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து சாயந்திரம் வரை என் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னேன். நீ வெட்கத்தில் நெளிந்தாய். சாயந்திரம் டீ நேரத்தில் அந்த பிரஸ், யாரும் பெடலை மிதிக்காமலே தானாக ஒருமுறை கீழே இறங்கி அடித்தது. அன்றைக்கு உன் கை அதற்குள் இருந்திருந்தால் இன்றைக்கு ரேவதிக்கு நீ எந்தக் கையால் மோதிரம் போடுவாய்? அந்த ஒருநாள் நான் சரியாக இருந்தேன். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படி.

ரேவதியை நீ விரும்பியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உன் ஷெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண், கேன்டீனில் பழக்கம், எல்லாம் சரி. ஆனால் அவள் அப்பா நெல் வயல் வைத்திருக்கிறவர். உன் தாத்தா அவரைப் போன்றவர்கள் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். நீ பொண்ணு கேட்டபோது ஒரு வருஷம் முழுக்க அவர் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் பேச்சை எங்க ஊட்ல எடுக்காத" என்று மகளிடம் சொன்னவர், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் உன் ஷெட்டுக்கு வந்தார். பித்தளைத் தகடு வட்டமாக வெட்டுப்பட்டு, கிண்ணமாகி, கிண்ணம் நீண்டு குழாயாவதை ரொம்ப நேரம் நின்று பார்த்தார். அந்த வாரமே சம்மதம் சொல்லி ஆள் அனுப்பினார். "மனசு மாறிட்டாரும்மா" என்று நீ குதித்தாய். உன் முகத்தைப் பார்க்காதவர் உன் பிரஸ்ஸைப் பார்த்ததும் ஏன் மாறினார் என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய்.

நிச்சயம் பேச நாம் அவர்கள் வீட்டுக்குப் போன நாளை நினைத்துப் பார். நமக்கு நாற்காலி போட்டு, அவரே தன் கையால் காபி டம்ளரை எடுத்துக் கொடுத்தார். உன் அப்பா உருகிப் போய்விட்டார். நான் அந்தக் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். மரியாதை கிடைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். வாங்கிக்கொள்ளலாம், அதை நேற்று வரைக்கும் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், பழைய நீளத் துப்பாக்கி ஒன்று மாட்டியிருந்தது. அது தேர்தல் நேரம். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பேப்பர் படிக்கிற எவருக்கும் தெரியும். எல்லாத் துப்பாக்கியும் ஸ்டேஷனில் இருக்கிற வாரத்தில் இவருடையது மட்டும் மாலை போட்டுக்கொண்டு ஹாலில் தொங்குகிறது. "இத ஸ்டேஷன்ல குடுக்கலீங்களா?" என்று கேட்டேன். "இதுக்குக் குண்டே கெடையாதும்மா. அப்பா காலத்துல காட்டுப்பன்னி அடிக்க வாங்கினது. இப்ப சும்மா பொம்ம" என்று சிரித்தார். நீ என் காலை மிதித்தாய். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார், அப்படியொரு துப்பாக்கி இருப்பதையே ஸ்டேஷனில் மறந்துவிட்டார்கள் என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றியது. பொம்மைக்கு யாரும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்க மாட்டார்கள். அதன் குழல் பளபளவென்று இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததில் நானும் ஒரு கூத்து அடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உன் பேன்ட்டைத் துவைக்கப் போட்டதும் வாஷிங் மெஷின் கடகடவென்று கத்தியது. நிறுத்திப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய். ஒரு பக்கம் திறந்திருந்தது, மறுபக்கம் மூடி, அடியில் மெல்லிய விளிம்பு. நான் எத்தனை பித்தளை பார்த்தவள், எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? லிப்ஸ்டிக் டப்பா என்று. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு எவளுக்கடா லிப்ஸ்டிக் வாங்கிக் கொடுக்கிறாய் என்று வயிறு எரிந்தது. ரேவதிக்கே போன் போட்டு, நீ எந்தக் கம்பெனி லிப்ஸ்டிக் போடுவாய் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அந்தப் பெண், "நான் போட மாட்டேனே அத்தே" என்றாள். பித்தளைக் குழாயைப் பற்றிச் சொன்னதும் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அய்யோ அத்தே, அது எங்க அப்பா துப்பாக்கியோட தோட்டாக் கூடு. உங்க புள்ளதான் செஞ்சி குடுக்கறேன்னு ஒத்துகினாரு. எங்க ஊட்ல தாலி கட்டற நேரத்துல வாசல்ல நின்னு ஒரு தபா சுடுவாங்க. எங்க அம்மா கல்யாணத்துல சுட்டதுதான் கடைசி குண்டு" என்றாள். எவளோ ஒருத்தி இல்லை என்று நிம்மதியாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் அது லிப்ஸ்டிக்காகவே இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

நீ வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நீ ஒளிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஒளிக்காமல் சொன்னாயே என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் இதில் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்பதே உனக்குத் தெரியவில்லை. விளிம்பில் அடி விழுந்தால் வெடிக்கிற பழைய வகைத் தோட்டா அது, அந்த அளவில் இப்போது உலகத்தில் எவரும் செய்வதில்லை, ஒருமுறை சுட்டால் அந்தக் கூட்டைத் திரும்ப நிரப்பவும் முடியாது, அதனால்தான் அந்தத் துப்பாக்கி இத்தனை வருஷம் வாயடைத்துக் கிடக்கிறது என்று கண் விரிய விரியச் சொன்னாய்.

"எவனுமே செய்யாத பீஸும்மா. சுட்ட பழைய கூடு ஒண்ண பாத்துட்டு, அதே அளவுல அச்சு, டை, வெட்டுனேன். அப்படியே உக்காந்துச்சி. மாமா கையில வச்சிப் பாத்துட்டு அழுதுட்டாரு."

"மருந்து யார்ரா அடைப்பாங்க?"

"அதுக்கு ஒரு ஆளு கீறாராம். எனுக்கு இன்னா அதப்பத்தி? நான் வெறும் கூடுதான்."

"எத்தினி கூடு?"

"ஒரு டப்பா கேட்டுருக்காரு."

"தாலி ஒண்ணுதானே நைனா? முடிச்சுக்கு ஒண்ணுன்னாலும் மூணு போதுமே. மீதி யாருக்கு?"

"உன்கிட்ட பேசறதே பேஜாரு" என்று எழுந்து போனவன்தான் நீ. இன்றுவரை வீட்டுப் பக்கம் வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், நீ செய்த அந்தக் கூடு அழகாகத்தான் இருந்தது. கையில் உருட்டிப் பார்த்தேன். கீறல் இல்லை, பிசிறு இல்லை. இத்தனை காலம் யாருமே தொடாத ஒன்றை என் பிள்ளை திரும்பச் செய்துவிட்டான் என்று எனக்கே நெஞ்சு நிறைந்தது. அந்த இடத்தில்தான் அவர் உன்னைப் பிடித்திருக்கிறார். சீர் கேட்டு மிரட்டியிருந்தால் நீ எழுந்து வந்திருப்பாய். "உன்னால முடியுமா மாப்ள?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார், நீ கவிழ்ந்துவிட்டாய். உன்னால் முடியும் என்பது எனக்கும் தெரியும். உன்னால் முடிகிற காரியத்தை உன் வேலையாக்கிக்கொள்வதற்கு முன்னால், அது யாருக்கு, எதற்கு என்று கேட்கிற பழக்கம் உனக்கு வரவேண்டும். வெறும் கூடு என்கிறாய். உன் அப்பாவோடு படித்த வக்கீல் ஒருவர் திருவள்ளூர் கோர்ட்டில் இருக்கிறாரே, அவரிடம் கேட்டோம். வெறும் கூடும் தோட்டாவின் பாகம்தான், லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்தாலே கேஸ்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நீ கடன் வாங்காமல், ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிய ஷெட்டுக்கு சீல் வைப்பார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் பெரிய மனுஷன், "எனக்கென்ன தெரியும், மாப்பிள்ளை ஆசையாச் செஞ்சாரு" என்று சொன்னால் யார் பேச்சு எடுபடும், உன் தாத்தாவின் பேரன் பேச்சா?

போன வாரம் பத்திரிகை மாதிரியைக் காட்டுகிறேன் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நான் அவர்கள் ஊருக்குப் போனேன். உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் வயலுக்கும் அவர் தம்பி வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பில் புதிதாகக் கல் நட்டிருக்கிறது. யாரோ அதைப் பிடுங்கிச் சாய்த்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சு கிளம்பியதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிட்டதாம், கோர்ட்டில் கேஸ் நடக்கிறதாம். பத்திரிகையில் ரேவதியின் சித்தப்பா பெயர் இல்லையே என்று நான் அப்பாவி மாதிரிக் கேட்டேன். உன் மாமனார் சிரித்தார். "கல்யாணத்தன்னிக்கு அவனுக்குச் சத்தம் கேக்கும். அதுவே பத்திரிக" என்றார். சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. ஒரு டப்பா எதற்கு என்று இனி நான் உனக்குச் சொல்ல வேண்டுமா?

அப்படியே நான் நினைப்பது தப்பு, அவர் தங்கமான மனுஷன், பாசத்தில்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொள். வாசல் நிறைய ஜனம், பந்தலுக்குக் கீழே குழந்தைகள், அந்தக் கிழட்டுத் துப்பாக்கிக்குள் யாரென்றே தெரியாத ஆள் அடைத்த மருந்து. அது முன்னால் வெடிக்குமா பின்னால் வெடிக்குமா என்று உன்னால் சொல்ல முடியுமா? தாலியைக் கையில் எடுக்கும்போது நீ ரேவதியின் முகத்தைப் பார்ப்பாயா, வாசலைப் பார்ப்பாயா? அதனால் நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். டை உடைந்துவிட்டது, இனி செய்ய முடியாது என்று அவரிடம் சொல். அதற்கப்புறமும் கல்யாணத்தை நடத்தினார் என்றால், ஊரார் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்க நான் தயார். நிறுத்தினார் என்றால், அவர் யாரை மாப்பிள்ளையாக எடுத்தார், உன்னையா பிரஸ்ஸையா என்பது உனக்கே தெரிந்துவிடும். இன்னொன்றும் மனசில் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ரேவதிக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்குமோ என்று எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு சுலபமாகச் சிரித்தாளே அன்றைக்கு.

இதுவரை எழுதிவிட்டு உலை வைக்கப் போனேன். அதற்குள் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ரேவதி இறங்கினாள், தோளில் சுருட்டிய புதுக் கோரைப்பாய். கல்யாணச் சாமான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் போல என்று நினைத்தேன். பாயை வாங்கி வைக்கலாம் என்று கை நீட்டினால் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

"கதவ சாத்து அத்தே, மொதல்ல."

சாத்தினேன். அவள் பாயைக் கூடத்தில் விரித்தாள். உள்ளே அந்தத் துப்பாக்கி.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"நேத்து அப்பா வரப்புல நின்னுகினு சித்தப்பாவப் பாத்துக் கத்துனாரு, அத்தே. 'மாப்ள டப்பா எடுத்துகினு வரட்டும், அப்பறம் வந்து கல்லப் புடுங்குடா'ன்னாரு. என் கல்யாணத்துக்குத்தான் கேக்கறாருன்னு நெனச்சி நான்தான் உங்க புள்ளகிட்ட போய்க் கெஞ்சுனேன், செஞ்சி குடுங்கன்னு." அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். கொஞ்ச நேரம் முன்பு அவளைப் பற்றி மேலே என்ன எழுதினேனோ அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், எனக்குக் கொஞ்சம் வெட்கம் வரட்டும்.

"இத்த எப்டி எடுத்துகினு வந்த?" என்று கேட்டேன்.

"அப்பா நாஷ்டா துன்னுட்டுக் கழனிக்குப் போனாரு. அப்ப கழட்டிட்டேன். ஆட்டோல பக்கத்துல ஒரு போலீஸ்காரம்மா குந்தினு வந்தாங்க அத்தே. 'பாயி நல்லாக்கீதே, எங்க வாங்கின'ன்னு கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அழுகைக்கு நடுவில் சிரித்தாள். உன் அப்பா மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

வக்கீலுக்குப் போன் செய்துவிட்டோம். துப்பாக்கியைத் தொடாமல் வையுங்கள், நான் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். செய்தவனே முன்வந்து ஒப்படைப்பது வேறு, தேடி வந்து எடுப்பது வேறு என்றும் சொன்னார். ஒன்றுமே ஆகாது என்று அவர் சொல்லவில்லை, நானும் உன்னிடம் பொய் சொல்லவில்லை. உன்னிடம் இருக்கிற கூடு, டை, மாதிரிக்கு வாங்கிய பழைய தோட்டாக் கூடு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு நீ அங்கேயே இரு, எதையும் வண்டியில் வைத்து ரோட்டில் எடுத்து வராதே. உன் அப்பாவிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல், வக்கீல் ஸ்டேஷன் ஆட்களோடு அங்கே வருவார். அந்த அழகான டை போய்விடுமே என்று உனக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கிறது.

"அப்பா வந்து தாரை வார்க்க மாட்டாரு அத்தே, பரவால்லயா?" என்று ரேவதி இப்போது கேட்டாள். நாங்கள் இருக்கிறோம் என்றேன். ஒரு பெண் பிறந்து வளர்ந்த வீட்டின் சுவரில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு, திரும்பிப் போக முடியாது என்று தெரிந்தே வந்து நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் பிள்ளை என்ன சொல்லி அனுப்புவான் என்று அவளைக் கேட்டேன். "சரின்னுதான் சொல்வாரு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, நான் பாதியில் விட்ட அரிசியைக் களையப் போய்விட்டாள். அவளுக்கு உன்மேல் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

எனக்கு இருக்கிறது.

உன் அம்மா